மிஷனெரி பயிற்சிப் பள்ளிக்குப் போகிறீர்களா? இவற்றைச் செய்யுங்கள், இவற்றைச் செய்யாதீர்கள்

விண்ணப்பம் போட்டாகிவிட்டது. போதகரும் சிபாரிசுக் கடிதம் கொடுத்துவிட்டார். இனி ஆறு மாதமோ ஒரு வருடமோ பயிற்சி, பிறகு ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் என்று ஏதோ ஒரு பணித்தளம். சந்தோஷம். பெட்டி கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

உண்மையான அழைப்போடு போய், பாதியில் வீடு திரும்பியவர்கள் உண்டு. நேரத்துக்குப் பரிசோதிக்காத காய்ச்சல், கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாத சான்றிதழ், யாரிடமும் சொல்லாமல் சுமந்த மனபாரம் ஆகியவை அவர்களைத் திருப்பி அனுப்பின. விசுவாசத்தில் அவர்களுக்குக் குறை எதுவும் இல்லை.

உயிரையே இழந்தவர்களும் உண்டு. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்கு 1719-ல் இறந்தபோது அவருக்கு வயது 36. பாசல் மிஷன் 1828-ல் கோல்ட் கோஸ்ட்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, அனுப்பிய முதல் நால்வரில் மூவர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோனார்கள். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் சம்பந்தம் உண்டென்று அன்று யாருக்கும் தெரியாது. ரொனால்ட் ராஸ் அதைச் செகந்திராபாத்தில் கண்டது 1897-ல்தான். உங்களுக்கு அது தெரியும். தெரிந்தும் வலை கட்டாமல் படுத்தால் அது அர்ப்பணிப்பு ஆகாது, அஜாக்கிரதைதான். நீண்ட காலம் ஊழியம் செய்ய வேண்டுமானால் முதலில் உங்களைக் காத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

சேரும் முன்

1. பள்ளி தரும் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்று எழுத்தில் கேளுங்கள். செராம்பூர் செனட்டோடு இணைந்த இறையியல் கல்லூரியின் பட்டம் வேறு, தனிப் பயிற்சி மையம் தரும் டிப்ளமோ வேறு. ஊழியப் பயிற்சிக்காக மட்டும் போகிறீர்கள் என்றால் அங்கீகாரம் இல்லாதது பெரிய குறையில்லை. ஆனால் நாளை மேலே படிக்க நினைத்தால் அந்தத் தாள் கைகொடுக்குமா என்பது இன்றே தெரிந்திருக்க வேண்டும்.

2. அங்கே படித்த இரண்டு பேரிடமாவது பேசுங்கள். அதில் ஒருவர் பாதியில் விட்டு வந்தவராக இருக்கட்டும். பள்ளியின் நல்லதைச் சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள். மெஸ் சாப்பாடு, வார்டன், லீவு, பண விஷயம் ஆகியவற்றை உள்ளபடி சொல்பவர் விட்டு வந்தவர்தான்.

3. முழு உடல் பரிசோதனை செய்து, தடுப்பூசிகளை இப்போதே தொடங்குங்கள். ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணை. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறு மாதம் கழித்து மூன்றாவது. கடைசி வாரத்தில் ஓடினால் முடியாது. டைபாய்டு, டெட்டனஸ், ஹெபடைடிஸ் ஏ பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். ஆப்பிரிக்கா போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் தேவைப்படும். அதைச் சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். பல்லையும் பார்த்துவிடுங்கள். மலைக் கிராமத்தில் பல்வலி வந்தால் டாக்டருக்கு ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்ய வேண்டியிருக்கும்.

4. வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பேசிவிடுங்கள். அம்மாவின் மருந்துச் செலவு யார் பொறுப்பு? தங்கையின் கல்லூரி ஃபீஸ்? கல்விக் கடன் தவணை? இவற்றுக்குப் பதில் இல்லாமல் கிளம்பினால் வீட்டிலிருந்து வரும் ஒவ்வொரு போனும் குற்ற உணர்வைத்தான் கொண்டுவரும்.

5. சமையல், டூவீலர் லைசென்ஸ், தேவநாகரி எழுத்து மூன்றையும் கற்றுக்கொண்டு போங்கள். பணித்தளத்தில் மெஸ் இருக்காது. பஸ் இருக்கும் என்றும் நம்ப முடியாது. இந்தி எழுத்து தெரிந்தால் போர்டு, டிக்கெட், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் நீங்களே படித்துக்கொள்ளலாம்.

உடம்பு

6. கொசுவலையின் நான்கு ஓரத்தையும் மெத்தைக்கு அடியில் செருகிப் படுங்கள். வலையைக் கட்டிவிட்டு ஓரத்தைத் தொங்கவிட்டால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. உள்ளே போனதும் டார்ச் அடித்து மூலைகளைப் பாருங்கள். கிழிசலை அன்றே ஊசி நூலால் தைத்துவிடுங்கள். கை கால் வலையை ஒட்டாமல் படுங்கள், ஒட்டினால் கொசு வெளியிலிருந்தே கடிக்கும். மலேரியாக் கொசு அந்தி முதல் விடியும் வரை கடிக்கும். டெங்குக் கொசு பகலில் கடிக்கும். வகுப்பில் முழுக்கை சட்டை போட அதுவே போதுமான காரணம்.

7. காய்ச்சல் வந்தால் 24 மணி நேரத்துக்குள் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் காட்டுப் பகுதிகளில் ஃபால்சிபாரம் வகை மலேரியா உண்டு. அது மூளையைத் தாக்கினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று காத்திருக்க நேரம் கிடைக்காது. கிராமத்து ஆஷா பணியாளரிடம் சோதனை கிட் இருக்கும், பணம் கேட்கமாட்டார்கள். ஜார்க்கண்டில் அவரை சஹியா என்பார்கள், சத்தீஸ்கரில் மிதானின். ஊருக்குள் போன முதல் நாளே அவர் வீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்.

8. ஊர் திரும்பியபின் காய்ச்சல் வந்தால், எங்கே போய் வந்தீர்கள் என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் டாக்டர் வைரல் காய்ச்சல் என்று நினைப்பது இயல்பு. மலேரியா சில வாரங்கள் கழித்தும் வரும், சில வகை மாதங்கள் கழித்தும் வரும். உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள். அது ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலின் அடையாளமாக இருக்கலாம்.

9. தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் குடியுங்கள், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பையில் எப்போதும் இருக்கட்டும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், வெறுமனே சூடாக்கினால் போதாது. பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து குடியுங்கள். டாய்லெட் வசதி இல்லை என்று பெண்கள் தண்ணீரைக் குறைப்பது சிறுநீர்த் தொற்றில்தான் முடியும்.

10. நாயோ குரங்கோ கடித்தால் குழாயைத் திறந்து 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அன்றே ஊசி போடுங்கள். லேசான கீறல் என்றாலும் இதேதான். ரேபிஸ் வந்தபின் காப்பாற்ற வழியில்லை. வருவதற்கு முன் தடுக்க நிச்சயமான வழி இருக்கிறது. எல்லாத் தவணையும் முடியும்வரை பயணம் போனாலும் ஊசிச் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

11. பாம்பு கடித்தால் கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம். மோதிரம், வளையல், கொலுசை உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலியும் கண் இமை தொங்குவதுமாக ஒருவர் எழுந்தால் அதைச் சாப்பாட்டுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள்.

ஹாஸ்டல்

12. விதிமுறைகளை முதல் வாரத்திலேயே எழுத்தில் வாங்குங்கள். போன் எப்போது கையில் இருக்கும், லீவு எத்தனை நாள், வேலை நேரம் எவ்வளவு, ராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனால் வண்டி யாருடையது என்பதெல்லாம் தெரியட்டும். போனை வாங்கி வைக்கும் பள்ளி என்றால் வீடு, போதகர், ஒரு நண்பர், 108, 112 ஆகிய எண்களை ஒரு அட்டையில் எழுதி பர்ஸில் வையுங்கள்.

13. புகார் சொல்ல வேண்டுமானால் யாரிடம் போவது என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ம் ஆண்டுச் சட்டம். கிறிஸ்தவ நிறுவனத்துக்கு விலக்கு இல்லை. கேள்வி கேட்டதற்கே முகம் சுளிக்கிறார்கள் என்றால், அதுவே உங்களுக்குக் கிடைத்த பதில்.

14. துணியை வெயிலில் உலர்த்துங்கள், துண்டையும் ஷேவிங் பிளேடையும் தனியாக வையுங்கள். மழைக்காலத்தில் முப்பது பேர் படுக்கும் அறையில் ஒருவரின் படர்தாமரையோ சொறிசிரங்கோ எல்லாருக்கும் பரவும். உள்ளாடையை அறைக்குள் கொடியில் ஈரத்தோடு மறைத்துக் காயப்போடும் வழக்கத்தை விடுங்கள்.

15. மொழியைத் தினமும் ஆட்களிடம் பேசிக் கற்றுக்கொள்ளுங்கள். சீகன்பால்கு தரங்கம்பாடியில் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். நீங்களும் காய்கறிக் கடைக்காரரிடமும் மெஸ் அக்காவிடமும் பேசுங்கள். இந்தி பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுபோய்விடும். வீட்டுக்குள் நுழைய சந்தாலியோ குடுக்கோ முண்டாரியோ தேவை.

பணித்தளம்

16. எப்போதும் இருவராகப் போங்கள், போகிற ஊரின் பெயரை எழுதிவைத்துவிட்டுப் போங்கள். இயேசுவும் சீஷர்களை இருவர் இருவராகத்தான் அனுப்பினார். ஒருவருக்கு வண்டி விபத்தோ காய்ச்சலோ வந்தால் மற்றவர் ஆள் கூப்பிட முடியும். திரும்பும் நேரம் தாண்டினால் தேடி வர இடமும் தெரிந்திருக்கும்.

17. அந்த மாநிலத்து மதமாற்றச் சட்டத்தைக் கிளம்பும் முன் படியுங்கள். ஒடிசாவில் 1967-லேயே சட்டம் வந்தது. மத்தியப் பிரதேசம் 1968, குஜராத் 2003, ஜார்க்கண்ட் 2017, உத்தரப் பிரதேசம் 2021. கட்டாயம், மோசடி, ஆசை காட்டுதல் மூன்றும் குற்றம். சில மாநிலங்களில் மாவட்ட நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், சிலவற்றில் அனுமதியே வாங்க வேண்டும். மதத்தைப் பரப்பும் உரிமை அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவில் இருக்கிறது. ஆனால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த சட்டம் பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டதால் நம்மில் பலருக்கு இந்தப் பேச்சே புதிது. புதிது என்று காவல் நிலையத்தில் சொல்லிப் பயனில்லை.

18. ஆதார், பள்ளி அடையாள அட்டை, பொறுப்பாளர் கடிதம் மூன்றின் ஜெராக்ஸும் பையில் இருக்கட்டும். அருணாச்சலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் போக இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். இந்தியர் என்றாலும் நீங்கள் அங்கே வெளியாள்தான். யார் கேட்டாலும் காட்டத் தயாராக இருப்பவர்மேல் சந்தேகம் சீக்கிரம் தீரும்.

19. ஊருக்குள் நுழைந்ததும் ஊர்ப் பெரியவரைப் போய்ப் பாருங்கள். யார், எங்கிருந்து வந்தீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள் என்பதை நேராகச் சொல்லுங்கள். மறைத்துச் செய்த ஊழியம் வதந்திக்குத்தான் தீனி. சூடாக எதைக் கொடுத்தாலும் சாப்பிடுங்கள், பச்சைத் தண்ணீருக்கு மட்டும் வணக்கம் சொல்லிவிட்டு உங்கள் பாட்டிலைத் திறவுங்கள்.

பணமும் மனமும்

20. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும், ஊழியத்தைத் தாங்குவோர் தரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வைத்திருங்கள். பிற்பாடு யார் கேட்டாலும் நோட்டைத் திறந்து காட்டலாம். கணக்கு வைக்காத நல்லவர்மேலும் ஒருநாள் பழி விழும்.

21. மருத்துவக் காப்பீடு யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பயிற்சிக் காலத்துக்கும் சேர்த்தா, வேலையில் சேர்ந்த பிறகா, அந்த மாநிலத்து ஆஸ்பத்திரியில் செல்லுமா என்று கேளுங்கள். பள்ளி எடுக்கவில்லை என்றால் நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் காய்ச்சலுக்கு சபையில் காணிக்கை எடுக்கும் நிலை வர வேண்டாம்.

22. வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேசுங்கள், மனம் கனத்தால் ஆள் தேடிப் பேசுங்கள். தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரம் நீடித்தால் அது ஆவிக்குரிய சோர்வு மட்டும்தான் என்று முடிவு கட்டாதீர்கள். அரசின் டெலி-மனஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

செய்யக்கூடாதவை

சேரும் முன்

1. அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்க்க நேரில் காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், அசலைத் திரும்ப வாங்கி வீட்டு அலமாரியில் வையுங்கள். விட்டுப் போக நினைக்கும் நாளில் பீரோ சாவி வேறொருவர் கையில் இருப்பது எத்தனை பேரின் வாழ்க்கையைத் தேங்கவைத்திருக்கிறது.

2. கூட்டம் முடிந்த இரவில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கண்ணீரோடு எடுத்த தீர்மானம் நல்லதாகவே இருக்கலாம், ஒரு வாரம் கழித்தும் அது நல்லதாகவே இருக்கும். இத்தனை வருடம் வேலை செய்வேன், இல்லாவிட்டால் பணம் கட்டுவேன் என்ற பாண்டுப் பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் தொடவே வேண்டாம்.

3. முடியப்போகும் படிப்பைப் பாதியில் விடாதீர்கள். கடைசி செமஸ்டரை விட்டு வரச் சொல்லும் அவசரம் எந்தப் பணித்தளத்துக்கும் இல்லை. நர்ஸ், ஆசிரியர், விவசாயப் பட்டதாரி, மெக்கானிக் ஆகியோருக்குப் பணித்தளத்தில் தேவை அதிகம். ஐடா ஸ்கடர் அமெரிக்காவில் மருத்துவம் படித்து முடித்த பிறகே வேலூரில் வேலையைத் தொடங்கினார். அந்த வேலை இன்றும் தொடர்கிறது.

4. விண்ணப்பத்தில் நோயை மறைக்காதீர்கள். வலிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை, பழைய காசநோய், மனநல மருந்து எதுவானாலும் எழுதுங்கள். எடுக்கமாட்டார்கள் என்று பயந்து மறைத்தால், மலை உச்சியில் வலிப்பு வரும்போது பக்கத்தில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது.

உடம்பு

5. ஜெபித்துவிட்டோம் என்று மருந்தை நிறுத்தாதீர்கள். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரியில்லை. பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். இன்சுலினையோ வலிப்பு மாத்திரையையோ காசநோய் மருந்தையோ விசுவாசத்தின் பெயரால் நிறுத்தச் சொல்பவர் யாராயிருந்தாலும், அந்த ஒரு விஷயத்தில் கீழ்ப்படிய வேண்டாம்.

6. காய்ச்சலோடும் சர்க்கரை நோயோடும் உபவாசம் இருக்காதீர்கள். மே மாத வெயிலில் தண்ணீரும் குடிக்காமல் மூன்று நாள் இருப்பது சிறுநீரகத்தைப் பாதிக்கும். குழுவாக உபவாசம் அறிவித்தால் பொறுப்பாளரிடம் தனியாகப் போய், டாக்டர் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

7. டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை போடாதீர்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஊசி ஆகியவை ரத்தக்கசிவை மோசமாக்கும். காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள், டெங்குவின் ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

8. மலேரியா மாத்திரையைக் காய்ச்சல் நின்றதும் நிறுத்தாதீர்கள். விவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து மறுபடி வரும். அதை அழிக்கத்தான் 14 நாள் மாத்திரை. அதைத் தொடங்கும் முன் ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். மீந்த மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்கவும் கூடாது.

9. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய அரிப்பு க்ரீமைப் பூசாதீர்கள். பல கலவைக் க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும், பிறகு மாதக்கணக்கில் ஆறாது. தோல் டாக்டரிடம் ஒருமுறை காட்டுவதே மலிவு.

10. தரையில் படுக்காதீர்கள், ஷூவை உதறாமல் போடாதீர்கள். கட்டில் இல்லையென்றால் பெஞ்சு, அதுவும் இல்லையென்றால் வலையை நன்றாகச் செருகிய பாய். வலை கொசுவோடு பாம்பையும் தடுக்கும். ராத்திரி வெளியே போக டார்ச் இல்லாமல் கால் வைக்க வேண்டாம்.

11. பாம்புக் கடியில் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். இறுக்கமான கட்டால் காலையே இழந்தவர்கள் உண்டு. நாய்க்கடியில் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வைப்பதும் இதே ரகம். மந்திரிப்பவரிடம் போகும் நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்விடலாம்.

ஹாஸ்டல்

12. பூட்டிய அறையில் தனி ஆலோசனைக்கு உட்காராதீர்கள். ஆலோசகர் எவ்வளவு பெரிய ஊழியராயிருந்தாலும் கதவு திறந்திருக்கட்டும், அல்லது மூன்றாவது ஆள் பார்க்கும் தூரத்தில் இருக்கட்டும். நல்ல ஊழியர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். அவருக்கும் இது பாதுகாப்புதான்.

13. தேவன் சொன்னார் என்று ஒருவர் வந்து சொன்னதற்காகக் கல்யாணத்துக்குத் தலையாட்டாதீர்கள். அவருக்குச் சொன்னவர் உங்களுக்கும் சொல்வார். அதுவரை காத்திருக்கலாம். பொறுப்பாளரே ஜோடி சேர்த்தாலும் வீட்டுக்குத் தெரியாமல், விசாரிக்காமல், பயிற்சி முடிவதற்குள் முடிவெடுக்க வேண்டாம்.

14. பாவ அறிக்கை என்ற பெயரில் உங்கள் அந்தரங்கத்தை வகுப்பு முன்னால் கொட்டாதீர்கள். நம்பிக்கையான ஒரு மூத்தவரிடம் சொல்லுங்கள், போதும். ஜெபக் குறிப்பாகத் தொடங்கிய விஷயம் வாரக் கடைசிக்குள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். பிறருடையதைக் கேட்டாலும் உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

15. தமிழ் ஆட்களோடு மட்டும் சேர்ந்து சாப்பிடாதீர்கள். சாம்பார் கிடைக்கும் மேஜையில் மொழி வளராது. மெஸ்ஸில் ஒடியா மாணவர் பக்கத்திலும் மிசோ மாணவர் பக்கத்திலும் உட்காருங்கள். ஊர், சாதி, சபைப் பிரிவு பார்த்துச் சேரும் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

பணித்தளம்

16. பிரசங்கத்தோடு சேர்த்துப் பணமோ அரிசியோ கொடுக்காதீர்கள். உங்கள் மனதில் அது இரக்கம், எஃப்.ஐ.ஆரில் அது ஆசை காட்டுதல். அதைவிட, சோற்றுக்காகத் தலையாட்டவைப்பது அந்த மனிதருக்குச் செய்யும் அவமரியாதை. உதவி எல்லாருக்கும் ஒன்றுபோல, எந்த நிபந்தனையும் இல்லாமல், தனியாக நடக்கட்டும்.

17. ஞானஸ்நானப் படத்தையும் ஊர்ப் பெயரையும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பயிற்சி முடிந்ததும் நீங்கள் ரயில் ஏறிவிடுவீர்கள். படத்தில் இருப்பவர் அதே ஊரில், அதே அண்டை வீட்டாரோடு வாழ வேண்டும். தாங்குவோருக்கு அனுப்பும் அறிக்கையிலும் பெயர், முகம், ஊர் மூன்றும் வேண்டாம்.

18. பிள்ளைகளை ஹாஸ்டலில் சேர்க்கிறேன் என்று ரயிலில் அழைத்துப் போகாதீர்கள். பெற்றோர் உடன் இல்லாமல், முறையான கடிதம் இல்லாமல் பிற மாநிலக் குழந்தைகளோடு பயணம் செய்தவர்கள் கடத்தல் சந்தேகத்தில் ஸ்டேஷனிலேயே பிடிபட்டிருக்கிறார்கள். யார் சொன்னாலும் அந்தப் பொறுப்பை மாணவராகிய நீங்கள் ஏற்க வேண்டாம்.

19. சட்டம் தடுத்த இடத்துக்குத் துணிச்சல் காட்டிப் போகாதீர்கள். 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர் அந்தமானின் வடக்கு சென்டினல் தீவுக்குப் போய் உயிரிழந்தார். அவரைப் படகில் கொண்டுபோன மீனவர்கள் கைதானார்கள். வெளியுலகத் தொடர்பே இல்லாத மக்களுக்கு நம் சாதாரண ஜலதோஷமும் கொள்ளை நோயாகலாம். நெருங்கக்கூடாது என்று 1956-லேயே சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நம் ஆர்வத்தின் விலையைப் பிறர் தலையில் கட்டக்கூடாது.

20. ஊர் மக்களின் சாப்பாட்டையும் பண்டிகையையும் கேலி செய்யாதீர்கள். செவ்வெறும்புச் சட்னியைப் பார்த்து முகம் சுளித்த கணத்தில், அதுவரை பேசியதெல்லாம் வீண். அவர்கள் தெய்வத்தைத் திட்டுவது நற்செய்தி ஆகாது. ஊரில் சண்டை மூட்டி, பக்கத்து ஊர் விசுவாசிகளையும் அடிவாங்க வைக்கும்.

பணமும் மனமும்

21. வெளிநாட்டுப் பணத்தை உங்கள் வங்கிக் கணக்கில் வாங்கித் தராதீர்கள். வெளிநாட்டு நன்கொடை பெற எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ வேண்டும். இந்த ஒருமுறை மட்டும் தம்பி என்று அண்ணன் முறையில் கேட்பார்கள். அன்பாகக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். விசாரணை வந்தால் கணக்கில் இருப்பது உங்கள் பெயர்தான்.

22. கடன் வாங்கி ஃபீஸ் கட்டாதீர்கள். பணித்தளத்தில் கிடைக்கப்போவது படித்தொகை, அதில் வட்டி அடைக்க முடியாது. சபையிடம், ஜெபக்குழுவிடம், பள்ளியிடமே வெளிப்படையாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு வருடம் வேலை பார்த்துச் சேர்த்துவிட்டுப் போங்கள்.

23. வீட்டுக்குப் போக வேண்டும் என்று தோன்றுவதைப் பாவமாக எண்ணாதீர்கள். மிஷனெரி வில்லியம் கேரியின் மனைவி டாரதி மனமில்லாமல்தான் 1793-ல் வங்காளம் வந்தார். அடுத்த வருடமே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். அதன்பின் அவர் மனம் கலங்கிப்போனது. 1807-ல் இறக்கும்வரை அது தேறவில்லை. கேரியின் பெயரைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முடியவில்லை என்று சொல்பவரை உட்காரவைத்துக் கேட்பதுதான் நல்ல பள்ளி. விட்டு வந்தாலும் உங்கள் விசுவாசம் உங்களோடுதான் இருக்கும்.

இன்றே செய்யுங்கள்

அசல் சான்றிதழ்களை எடுத்து ஜெராக்ஸ் போட்டு, அசலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பள்ளியில் படித்த இருவரின் போன் நம்பரை வாங்கி, ஒருவருக்கு இன்று மாலையே பேசுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குடும்ப டாக்டரிடமோ ஹெபடைடிஸ் பி முதல் ஊசிக்கு நாள் குறியுங்கள். நல்ல கொசுவலை ஒன்று வாங்குங்கள். இந்த நான்கும் முடிந்த பிறகு பெட்டி கட்டுங்கள். கர்த்தர் உங்களை நீண்ட காலம் பயன்படுத்தட்டும்.